மனநோய் தணிந்தோரின் வாழ்க்கைத் தரம்

ஜொகூர் பாருவுக்கு அருகே தம்போயில் 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை, இன்று பெர்மாய் மருத்துவமனை என வழங்குகிறது. பெர்மாய் என்னும் மலாய்ச் சொல்லுக்கு எழில் மிக்கது என்பது பொருள். ஆயினும் தோட்டப்புறங்களில் 'தம்போய்' என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக ஆளப்படுவது வருந்தத்தக்கது. அங்குச் சிகிச்சை பெற்று மீண்டவர், நோய் தணிந்த பின்னரும் அப்பெயரைச் சுமக்க வேண்டியவராகிறார்.

வீடு திரும்பியவர் நலமாக வாழ்கிறாரா என்பதை யார் கூறுவது? இல்லாத குரல்கள் காதில் விழுவது நின்றதா என மருத்துவர் பார்ப்பார். வீட்டில் சச்சரவு ஓய்ந்ததா என உறவினர் பார்ப்பர். உலகச் சுகாதார நிறுவனமோ, 1990ஆம் ஆண்டுகளில் வாழ்க்கைத் தரத்தை அளக்க 26 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்தபோது, விடை கூறும் உரிமையை உரியவருக்கே அளித்தது. உறக்கம் நிறைவாக உள்ளதா, தேவைக்குப் பணம் உண்டா, நண்பர் துணை கிட்டுகிறதா, வேலை செய்யும் ஆற்றல் மனநிறைவு தருகிறதா என்பன அவற்றுட் சில. இவ்வினாக்களை நம் லயத்து வீடுகளில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மருந்தை எடுத்துக்கொள்வோம். மனச்சிதைவு நோய்க்குரிய மாத்திரைகள் சிலருக்கு மிகுந்த தூக்கத்தையும், கைநடுக்கத்தையும், உடற்பருமனையும் உண்டாக்கும். விடியுமுன் பெரட்டுக்கு எழ இயலாதவரைச் சோம்பேறி என்று ஏசுகின்றனர். ஏச்சுக்கு அஞ்சி அவர் மாத்திரையை இரகசியமாக நிறுத்திவிடுகிறார். சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் மீளக்கூடும். அப்போதும் பழி அவர்மீதே விழுகிறது! தொல்லையை மருத்துவரிடம் கூறினால் மருந்தின் அளவையோ, உட்கொள்ளும் நேரத்தையோ, மருந்தையோ மாற்ற வழியுண்டு. மாத்திரையை நாள்தோறும் நினைவில் வைத்திருக்க இயலாத சிலருக்கு, மாதத்திற்கொரு முறை போடும் ஊசியும் உண்டு.

வீட்டாரின் சொல்லும் மருந்தைப் போன்றே வேலை செய்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் அறிஞரும் அவர்தம் தோழரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஓயாத குறைகூறலும் பகையுணர்ச்சியும் நிலவிய வீடுகளுக்குத் திரும்பியோரிடையே நோய் மீண்டும் தலைகாட்டுவது மிகுதியெனக் கண்டனர். அளவுகடந்த பரிவும் அவ்வாறே தீங்கு செய்தது. சோற்றைப் பிசைந்து ஊட்டி, வாசற்படி தாண்ட விடாத தாயன்பும் இதில் அடங்கும்.

வேலை பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். முழு நிரையை வெட்ட இயலாதவர் அரை நிரையை வெட்டலாம். மங்கு துடைக்கலாம், ஒட்டுப்பால் சேர்க்கலாம், நாற்றுமேடையில் நீர் பாய்ச்சலாம். இயந்திர வேலை மட்டும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கத்தக்கது. கூலி அவர் கையிலேயே சேர வேண்டும். அண்ணன் வாங்கிச் செலவழித்துவிட்டு, தம்பிக்கு ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கித் தருவது நீதியன்று. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, சிகிச்சையோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்தே அளித்து வந்துள்ளது.

தொடர்சிகிச்சை பெற ஒவ்வொரு முறையும் தம்போய்க்கே செல்ல வேண்டுமென்பதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் அதற்கு வசதியுண்டு. நீண்டகால மனநோயால் வாழ்க்கைக்கு இடர்ப்பாடு உற்றவர், மருத்துவர் உறுதிப்படுத்திய படிவத்துடன் சமூகநலத் துறையில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்துகொள்ள விண்ணப்பிக்கலாம். மருந்து வாங்கும் நாள் அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். அதனை மண்டோரிடம் முன்கூட்டியே காட்டி, அன்றைக்கு விடுப்புக் கேட்டு வைத்துக்கொள்க.