சுவீடரின் குளிர்கால இன்னிருப்பு

வடபுலத்துச் சுவீடன் நாட்டினர் 'மீஸ்' என்றொரு சொல் வழங்குவர். அதன் வினைச்சொல்லாகிய 'மீசா' என்பதன் பழம்பொருள் மனநிறைவோடு முறுவலித்தல். குளிரும் இருளும் புறத்தே நிற்க, அகத்தே விளக்கொளியில் உற்றாரோடு அமைதியாய் வீற்றிருத்தலை இன்று அது குறிக்கும். இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாதென ஆராய்ந்தேம். 'குளிர்காய்தல்' அணித்தே வரினும் உடலளவில் நின்றுவிடுகின்றது. ஆதலின் 'இன்னிருப்பு' எனக் கொண்டேம். இதனினும் நல்லது தருவார் உளரேல் மகிழ்ந்தேற்பேம்.

இதனைச் சோம்பலென இகழ்வார் அந்நாட்டுக் குளிர்காலத்தை எண்ணிப் பார்த்திலர். தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 21-ஆம் நாளையொட்டிப் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே. பிற்பகல் 3 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். வடகோடியிலுள்ள கிரூனா நகரிலோ ஏறக்குறைய 3 வாரம் அவன் முகங்காட்டுவதே இல்லை.

முற்காலத்தில் வீட்டினுள்ளும் இன்பம் எளிதாய் வாய்த்ததன்று. திறந்த அடுப்பில் எரித்த விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று. விறகுத் தட்டுப்பாடு நேரவே, அரசின் ஏவலால் கார்ல் யூஹான் குரூன்ஸ்டெட், ஃபேபியன் விரேட என்னும் இருவர் 1767-இல் புதியதோர் அடுப்பு வகுத்தனர். செங்கல்லால் நெடிதாய்க் கட்டிப் பளிங்கோடு போர்த்த அவ்வடுப்பினுள், புகை மேலுங்கீழுமாய்ச் சுற்றிச்சுற்றிச் செல்லும். அச்செலவிற் செங்கற்கள் வெப்பத்தை உண்டு தேக்கிக்கொள்ளும். நெருப்பு அவிந்து நெடும்பொழுது கழிந்த பின்னரும் அறை இளஞ்சூட்டோடு இருக்கும். இன்னிருப்பை ஈன்றது செல்வம் அன்று, முடையே என்பது யாம் கண்ட வியப்பு.

விளக்கு வழக்கம் இன்னும் இனியது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய 4 ஞாயிறுகளிலும் வாரத்துக்கொன்றாக மெழுகுவர்த்தி கூட்டி ஏற்றுவர். டிசம்பர் 13-இல் லூசியா விழா: வெள்ளாடையும் செங்கச்சும் பூண்ட நங்கை சுடர்முடி சூடிப் பாடி வர, குங்குமப்பூ இட்ட அப்பம் பகிர்வர். சாளரந்தோறும் விளக்கு வைத்தலும் உண்டு. உள்ளிருப்பார்க்கு அவ்வொளியிற் பாதியே. மறுபாதி பனியில் நடக்கும் வழிப்போக்கனுக்கு. எமக்குப் பெரிதும் உவப்பானது இதுவே.

வெள்ளி மாலையில் குடும்பத்தார் கூடித் தொலைக்காட்சிமுன் நொறுக்குத்தீனி உண்ணும் 'வெள்ளிக்கிழமை மீஸ்' பிற்காலத்தது. சுவீடிய அகாதெமியின் சொற்பட்டியலில் 2006-இல் அச்சொல் ஏறிற்று. உருளைக்கிழங்கு வறுவல் விற்போர் தம் விளம்பரத்தில் அதனைப் பற்றிக்கொண்டது எமக்கு உடன்பாடன்று. ஆயினும் வாரமெல்லாம் தனித்தனியே உழன்ற தந்தையும் தாயும் மக்களும் அம்மாலையில் ஒரே கலத்திற் கையிடுகின்றனர்.