கடையை மூடாமல் கடையைப் புதுப்பித்தல்

தோட்டங்களில் மறுநடவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாம் நன்கு அறிவோம். மரங்கள் முதிர்ந்து பால் குறைந்துவிட்டது என்பதற்காகத் தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் எவரும் அழித்துவிடுவதில்லை. புதிய இரப்பர்க் கன்று பால் வெட்டும் நிலையை அடைய ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அதுவரை சம்பளத்திற்கும் செலவிற்கும் வருவாய் வேண்டுமல்லவா? ஆகவே, ஆண்டுதோறும் ஒரு பகுதியில் மட்டும் பழைய மரங்களை வெட்டிக் கன்றுகளை நட்டு, எஞ்சிய பகுதிகளில் பால் வெட்டு தடையின்றி நடைபெறுமாறு பார்த்துக்கொள்கின்றனர். கடை நடத்துவோரும் தங்கள் கடையைப் புதுப்பிக்கும்போது இம்முறையையே கைக்கொள்ளுதல் நலம்.

சுபாங் ஜெயா நகரை எடுத்துக்கொள்வோம். அந்நகரம் எழுந்துள்ள நிலத்தின் பெரும்பகுதி முன்னர் சீபீல்டு தோட்டமாக இருந்தது. 1976ஆம் ஆண்டு தொடங்கி சைம் டார்பி நிறுவனம் அங்கு நகரை அமைத்தது. தோட்டம் மறைந்தபோதிலும், அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்கு உண்டு. எஸ்.எஸ். 15 போன்ற பகுதிகளில் கடைவீதிகள் தோன்றின. 1988இல் சுபாங் பரேட் பேரங்காடி திறக்கப்பட்டது. அக்காலத்துக் கடைவீடுகள் இப்பொழுது பழமையடைந்துவிட்டன. மின்கம்பிகள், நீர்க்குழாய்கள், கூரைகள் ஆகியவற்றை மாற்றவேண்டிய காலம் வந்துள்ளது. தோட்டத்தை விட்டு நகருக்குச் சென்று உணவுக் கடையோ, மளிகைக் கடையோ, முடிதிருத்தும் நிலையமோ நடத்தும் நம் பிள்ளைகளுக்கும், இனிமேல் தொழில் தொடங்க எண்ணுவோருக்கும் இப்பாடம் பயன்படும்.

கடையை மூடினால் நேரும் இழப்பு எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்குச் செலவு போக 200 ரிங்கிட் மிஞ்சும் உணவுக் கடை ஒன்று 30 நாள்கள் மூடப்பட்டால், 6,000 ரிங்கிட் வருவாய் நின்றுபோகிறது. ஆயினும் கடை வாடகை நிற்பதில்லை. வாங்கிய கடனுக்கான தவணையும் நிற்பதில்லை. இவற்றினும் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. நாள்தோறும் காலையில் வந்து பசியாறியவர் ஒரு மாதம் வேறு கடைக்குச் சென்று பழகிவிட்டால், அவரைத் திரும்ப அழைப்பது எளிதன்று.

பெரிய வணிக வளாகங்களும் இவ்வுண்மையை உணர்ந்தே செயற்படுகின்றன. சுபாங் ஜெயாவை அடுத்துள்ள பண்டார் சன்வேயில் 1997இல் திறக்கப்பட்ட சன்வே பிரமிட், பின்னர் விரிவாக்கப்பட்டு 2007இல் புதிய பகுதியைத் திறந்தது. புதிய பகுதி கட்டப்பட்ட காலத்தில் பழைய பகுதியில் வணிகம் தொடர்ந்து நடைபெற்றது. சிறிய கடைக்கும் இது பொருந்தும். அதற்குரிய வழிகளை இனிக் காண்போம்.

முதலாவது, அனுமதி. சுவரை இடித்தல், அறை சேர்த்தல், கட்டட அமைப்பை மாற்றுதல் போன்ற வேலைகளுக்கு 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. சுபாங் ஜெயாவில் அம்மன்றம் 1997இல் நகராண்மைக் கழகமாக அமைந்து, 2020 அக்டோபர் 20ஆம் நாள் மாநகர் மன்றமாக உயர்ந்தது. அனுமதியின்றி வேலையைத் தொடங்கினால், அது பாதியில் நிறுத்தப்படக்கூடும். அப்பொழுது கடையும் இன்றி வேலையும் முடியாமல் தவிக்க நேரிடும். கடைமுன் உள்ள ஐந்தடிப் பாதையில் மணலையும் பலகையையும் குவித்து வழியை மறிப்பதும் குற்றமாகும்.

இரண்டாவது, வேலையைப் பகுத்தல். கடையை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் விற்பனை நடக்கும்போது பின்பாதியில் வேலை நடக்கட்டும். பின்னர் இடம் மாற்றிக்கொள்ளலாம். இடிப்பதும் துளையிடுவதும் கடை மூடிய பின்னரோ ஓய்வு நாளிலோ நடைபெறட்டும். ஆனால், மேல்மாடியில் குடியிருப்போரின் உறக்கம் கெடாதபடி நேரத்தை அமைக்கவேண்டும். சமையற்கட்டை மட்டும் பகுத்தல் கடினம். ஆகவே, அவ்வேலைக்குரிய பொருள்கள் அனைத்தும் வந்து சேர்ந்த பின்னரே பழைய அடுப்படியை அகற்றவேண்டும்.

மூன்றாவது, காலம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வேலையைத் தொடங்கலாகாது. வியாபாரம் மிகும் காலம் அது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகிய காலங்களில் வேலையாட்கள் ஊருக்குச் சென்றுவிடுவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. கூரை வேலையை அம்மாதங்களில் தவிர்த்தல் நன்று.

நான்காவது, பாதுகாப்பு. இதில் சிக்கனம் பார்த்தல் கூடாது. மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடமே ஒப்படைக்கவேண்டும். வேலை நடக்கும் பகுதியைத் தடித்த திரையாலோ பலகையாலோ முழுவதும் மறைத்து, உணவில் தூசு படியாமல் காக்கவேண்டும். எரிவாயுத் தோம்புகளை வேலையிடத்திலிருந்து அகற்றிவிடவேண்டும். 2011 செப்டம்பர் 28ஆம் நாள் அதிகாலையில் சுபாங் ஜெயாவின் வணிக வளாகம் ஒன்றில் நேர்ந்த எரிவாயு வெடிப்பில் நால்வர் காயமுற்றனர். பகலில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஐந்தாவது, பணம். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரைத் தேர்ந்தெடுங்கள். வேலை, விலை, முடியும் நாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்துவிடாமல், முடிந்த வேலைக்கேற்பத் தவணையாகக் கொடுங்கள். குறைகள் சரிசெய்யப்படும் வரை இறுதித் தவணையை நிறுத்திவைப்பது வழக்கமே. எதிர்பாராச் செலவிற்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைத்தலும் அவசியம்.

ஆறாவது, மக்கள். வேலை தொடங்குவதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே வாடிக்கையாளருக்கும் அண்டைக் கடைக்காரருக்கும் நேரில் தெரிவியுங்கள். 'கடை திறந்துள்ளது' என்னும் அறிவிப்பைத் தெளிவாக மாட்டி, உள்ளே செல்லும் வழியையும் காட்டுங்கள். கடைத் தொழிலாளரை மறந்துவிடலாகாது. 1955ஆம் ஆண்டின் தொழில் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்படவேண்டும். கடை புதுப்பிக்கப்படுவது அதற்கு விலக்காகாது. சாயம் பூசுதல், இருப்பைக் கணக்கிடுதல் போன்ற பணிகளை அவர்களுக்குக் கொடுக்கலாம். விடுமுறை எடுக்க விரும்புவோருக்கு அது தக்க தருணமுமாகும்.

சம்பளம் தவறினால் ஒரு குடும்பம் எவ்வாறு தவிக்கும் என்பதை அறிந்தவர்கள் நாம். முதலாளியாக உயர்ந்த பின்னரும் அதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். புதிய தளமும் புதிய விளக்குகளும் கடைக்கு அழகு தரும். ஆனால், அவை அமையும் நாள்வரை அடுப்பு எரியவும் கல்லாப்பெட்டி திறக்கவும் வழி செய்துகொண்டவரே அவ்வழகின் பயனை அடைவர். ஆகவே, சுவரில் முதல் ஆணியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்தப் பகுதியில், எந்த நாளில், எவ்வளவு செலவில் வேலை நடைபெறும் என்பதை எழுதிப் பாருங்கள். அத்தாளில் கணக்கு நேரான பின்னர் வேலையைத் தொடங்குங்கள்.