சுருட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தகப்பனார் அலுவலகத்துக்கு வந்து தயங்கித் தயங்கிப் பேசினார். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது பளபளக்கும் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறான். உள்ளே வரிசையாகச் சுருட்டுகள், மூடியில் ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர். இவர் கண்டித்திருக்கிறார். மகன் கோபப்படவில்லை, சிரித்திருக்கிறான். "அத்தா, இது சிகரெட் இல்லை. புகையை உள்ளே இழுப்பதே கிடையாது. வாரத்துக்கு ஒன்று. இது ஒரு கலை, பொழுதுபோக்கு." அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு நாமும் பொறுப்பு. பீடி, சிகரெட், பான்பராக் பற்றி இந்த இதழில் பலமுறை எழுதியிருக்கிறோம். விலையுயர்ந்த சுருட்டை ரசனையாக வளர்த்துக்கொள்ளும் படித்த பிள்ளைகளைப் பற்றி எழுதியதில்லை. விஷயம் தெரியாமல் அதட்டினால் பிள்ளை நம்மை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுவான். ஆகவே இம்மாதப் பாடத்தில் அந்தப் பெட்டியையே திறந்து பார்ப்போம்.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுருட்டு செய்வது உண்மையிலேயே நுட்பமான கைத்தொழில். கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுயெல்டா அபாஹோ என்ற பகுதி இருக்கிறது. உலகின் மிக உயர்ந்த சுருட்டு இலை அங்கே விளைகிறது என்பார்கள். இலையை அறுத்து, கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, அடுக்கடுக்காகக் குவித்துப் புளிக்க வைத்து, மாதக்கணக்கில், சில இலைகளை வருடக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் சுற்றுகிறார்கள். உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே போர்த்தும் மெல்லிய இலை என்று மூன்று அடுக்கு. அங்குள்ள ஆலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்களுக்குள் திரட்டிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுக் கேட்டு அறிவாளியான இடம் அது. இலையைப் பற்றி நம் கருத்து எதுவானாலும் இந்த வழக்கத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

நமக்கும் இது அந்நியமானதல்ல. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது. திருச்சி உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரை பேர் பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். நம் பாட்டனார் பலர் திண்ணையில் அமர்ந்து அதைத்தான் புகைத்தார்கள். எனவே மகனிடம் இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று வாதாடத் தொடங்கினால் முதல் அடியிலேயே சறுக்கிவிடுவோம்.

இனி பெட்டி. இதை ஹ்யூமிடார் என்கிறார்கள். சுருட்டு இலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இழக்கும். ஈரம் குறைந்தால் இலையின் எண்ணெய்ச் சத்து போய், மேலிலை வெடித்து, புகை காரமாகிச் சுடும். ஈரம் மிகுந்தால் இலை உப்பி, காற்று புகாமல் அணைந்து அணைந்து எரியும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குள்ளும், வெப்பத்தை 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் அளவிலும் வைத்திருப்பது முறை. பெட்டியின் உட்புறம் ஸ்பானிஷ் சீடர் பலகை பதித்திருப்பார்கள். பெயர்தான் சீடர். உண்மையில் அது நம் வேப்பமரத்தின் குடும்பம். நம் மலைக்காடுகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய உறவு. அந்தப் பலகை ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும், நல்ல வாசனையும் தரும். புதுப் பெட்டியில் நேராகச் சுருட்டை அடுக்கினால் காய்ந்த பலகை சுருட்டின் ஈரத்தையே குடித்துவிடும். அதனால் வடிநீரை ஒரு கிண்ணத்தில் வைத்துச் சில நாள் மூடி, முதலில் பெட்டியைப் பழக்குவார்கள். குழாய்த் தண்ணீர் வைத்தால் உப்புப் படியும், பூஞ்சணம் வரும்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டு நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒருநாள் மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். அல்லாஹ் படைத்த உப்பின் இயல்பு அப்படி, எந்த ஊரிலும் மாறாது.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்போர் பூஞ்சணத்தைவிட அதிகம் பயப்படுவது ஒரு வண்டுக்கு. கடுகைவிடச் சற்றுப் பெரிதாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, புழு சுருட்டைக் குடைந்து சல்லடையாக்கிவிடும். நம் பெண்களுக்கு இந்த வண்டை நன்றாகத் தெரியும். மல்லி டப்பாவிலும் மஞ்சள் டப்பாவிலும் வருவது இதே வண்டுதான். சென்னையிலும் நாகூரிலும் ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரிக்கு மேல் இருப்பதால், குளிர்சாதன அறை இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி வண்டு வளர்க்கும் பெட்டி. குளிர்பெட்டியில் அப்படியே வைத்தாலோ இலை காய்ந்துவிடும், மீன் வாடையும் ஏறும். ஆக, ஒரு இலைச் சுருளுக்காக ஓர் அறையையே குளிரூட்ட வேண்டியிருக்கிறது. ஒற்றைச் சுருட்டு ஆயிரக்கணக்கான ரூபாய் விற்கும்போது இந்தச் செலவும் சேர்ந்தால், வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று எச்சரிக்கும் 17ஆம் அத்தியாயம் நினைவுக்கு வராமல் போகாது.

புகைக்கும் முறைக்கும் இலக்கணம் உண்டு. நுனியை நறுக்கி, மெல்ல மூட்டி, நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இழுக்காமல், புகையை வாயில் வைத்திருந்து வெளியே விடுவார்கள். ஒரு பெரிய சுருட்டு முடிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இங்கேதான் மகன் சொன்ன வாதத்துக்கு வருகிறோம். உள்ளே இழுக்காவிட்டால் கேடு இல்லை என்பது சரியா?

சரியல்ல. சிகரெட் புகை அமிலத் தன்மை கொண்டது. அதன் நிகோட்டின் வாயில் அவ்வளவாக ஏறாது, நுரையீரல் வரை இழுத்தால்தான் ஏறும். சுருட்டு இலை நெடுநாள் புளிக்க வைக்கப்படுவதால் அதன் புகை காரத் தன்மை கொண்டது. அந்த நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். இழுக்கத் தேவையே இல்லை. ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை, அதாவது ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை ஒரே சுருட்டில் அடங்கிவிடும். அந்தப் புகையை ஒரு மணி நேரம் நாக்கிலும் கன்னத்திலும் வைத்திருக்கிறோம். எச்சிலோடு அது தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் போகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டைப் பற்றி மட்டும் 1998இல் ஒரு தனி நூலே வெளியிட்டது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய நான்கு இடங்களின் புற்றுநோய்க்கும் சுருட்டு காரணமாகிறது என்பது அதன் முடிவு. உள்ளே இழுக்காதவருக்கு நுரையீரல் ஆபத்து சிகரெட் பிடிப்பவரைவிடக் குறைவு. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் அந்தச் சலுகை கிடையாது. எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்தும் குறையும், ஆனால் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்றை எந்த மருத்துவரும் குறித்துத் தரவில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவி மக்களின் நுரையீரலுக்கோ, அவன் உள்ளே இழுக்காமல் விட்ட புகை முழுவதும் போகிறது.

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் வாய்ப் புற்றுநோய் என்ற சொல் அடிக்கடி வருகிறது. தாடை எடுக்கப்பட்ட ஒருவர் கஞ்சியைக் குழாயில் குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் நம் குழுவினர் யாருக்கும் மதிய உணவு இறங்கவில்லை.

மார்க்கத் தீர்ப்பு என்ன என்று கேட்பார்கள். புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்தது, நான்கு இமாம்களின் காலத்தில் இல்லை. எனவே பிற்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் அதைத் தடுத்தார். டமாஸ்கஸின் பேரறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ ஆகுமானது என்று தனி நூலே எழுதினார். அன்றைய வாதம் பெரும்பாலும் கேடு நிரூபிக்கப்பட்டதா இல்லையா என்பதைச் சுற்றியே நடந்தது. நம் நாட்டிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. 1604ஆம் ஆண்டளவில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக், அக்பரின் அவைக்கு முதன்முதலாகப் புகையிலையைக் கொண்டுவந்தார். அரண்மனை ஹகீம் தடுத்தார். நம் மருத்துவ நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, சோதித்துப் பார்க்காத பொருளை எப்படி ஏற்பது என்பது அவர் கேள்வி. ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தார், யாரும் கேட்கவில்லை.

அந்த ஹகீம் கேட்ட சோதனை நானூறு ஆண்டுகளாக மனித உடல்களிலேயே நடந்து முடிந்துவிட்டது. முடிவு தெரிந்த பிறகு, தெரியாத காலத்துத் தீர்ப்பை ஆதாரமாகக் காட்டுவது அந்தப் பெரியவர்களுக்கே நியாயம் செய்வதாகாது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்கிறது இறைக்கட்டளை (2:195). மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995இல் புகைத்தலை ஹராம் என்று அறிவித்தது. பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிவாசலுக்கு வராமல் விலகியிருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. பூண்டு ஹலாலான உணவு, அதற்கே இந்த நிலை. ஒரு மணி நேரம் சுருட்டுப் புகை ஊறிய வாயோடு இஷா ஜமாஅத்தில் நிற்பவரின் பக்கத்து ஸஃப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வாரத்துக்கு ஒன்றுதான் என்று சொல்லும் பிள்ளையிடம் சண்டை வேண்டாம். ரமளானில் தன்னைத் தானே கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முடிந்ததும் மனம் முதலில் மஃக்ரிப் தொழுகைக்குப் போகிறதா, பெட்டிக்குப் போகிறதா? பெட்டிக்கு என்றால் பொழுதுபோக்கு அடிமைத்தனமாகிவிட்டது. விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தகப்பனார் கடைசியாக ஒன்று கேட்டார்: மகன் விட்டுவிடச் சம்மதித்தால் பெட்டியை என்ன செய்வது? சுருட்டுகளை நண்பனுக்குக் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம், பிய்த்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். பெட்டியைத் திறந்தபடி பல நாள் வெயிலில் வையுங்கள். வாடை போய்விட்டால் அதில் அத்தர்க் குப்பிகளை வைக்கலாம். அத்தரும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்காது, இருட்டான மூடிய பெட்டி அதற்கு ஏற்றது. ஈரமூட்டும் கருவியை மட்டும் கழற்றி எடுத்துவிடுங்கள். ஊத் கட்டை வைப்பதானால் காற்றுப் புகாத சிறு டப்பாவில் போட்டு வையுங்கள், அதைப் புகைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். நறுமணப் புகையும் புகைதான்.

போன வாரம் அவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். பெட்டி மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.