கறுப்பு கோட்டை மட்டும் பார்த்து கையெழுத்துப் போடலாமா? வீட்டுக்கு வரும் நோட்டரியிடம் கவனிக்க வேண்டியவை

நீங்க சென்னையிலயோ பெங்களூரிலயோ வேலை பார்க்கறீங்க. அப்பா, அம்மா தென்காசியில இருக்காங்க. பேங்க் லோனுக்கு ஒரு அஃபிடவிட், தாத்தா பெயர்ல இருந்த டெபாசிட்டை வாங்க ஒரு இன்டெம்னிட்டி பாண்ட், இல்லைன்னா ஒரு பவர் பத்திரம் தேவைப்படுது. "நோட்டரி வக்கீல் வீட்டுக்கே வந்துடுவார், நீங்க அலைய வேண்டாம்"னு ஒருத்தர் ஏற்பாடு பண்றார். கறுப்பு கோட், கழுத்துல வெள்ளைப் பட்டையோட ஒருத்தர் வந்து நிக்கிறார். அப்பா எதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுடறார்.

பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது. அந்த உடை எதுக்கு ஆதாரம், எதுக்கு ஆதாரம் இல்லைன்னு இந்தப் பாடத்துல பார்க்கலாம்.

1. கோட் யாருக்கான விதி?

அமெரிக்காவுல மொபைல் நோட்டரிங்கறது தனித் தொழில். பெரும்பாலான மாநிலங்கள்ல அதுக்கு வக்கீலா இருக்க வேண்டியதில்லை. அதனால அங்கே "எப்படி டிரஸ் பண்ணணும்"ங்கறது தொழில் பயிற்சியிலயே ஒரு பாடம்.

நம்ம ஊர்ல நோட்டரியா நியமிக்கப்படறவங்க பெரும்பாலும் வக்கீல்கள்தான். 10 வருஷம் பிராக்டீஸ் வேணும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 7 வருஷம் போதும். ஆனா 1952-ம் வருஷ நோட்டரிகள் சட்டத்துலயும் 1956-ம் வருஷ விதிகள்லயும் நோட்டரிக்குனு தனி சீருடை எதுவும் இல்லை.

கறுப்பு கோட், வெள்ளைப் பட்டை, கவுன் எல்லாம் வழக்கறிஞர்கள் சட்டம், 1961-ன் கீழ பார் கவுன்சில் ஆஃப் இந்தியா போட்ட விதிகள்ல வருது. அது கோர்ட்டுக்கான உடை. கீழ்நிலை கோர்ட்டுகள்ல கவுன் கட்டாயம் இல்லை, வெயில் காலத்துல கோட்டுக்கும் விலக்கு உண்டு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: கோர்ட்டுக்கு வெளியே பொது இடங்கள்ல பட்டையும் கவுனும் போடக்கூடாதுன்னு அதே விதிகள் சொல்லுது. அனுமதிக்கப்பட்ட விழாக்கள் மட்டும் விதிவிலக்கு.

அதனால வீட்டுக்கு வர்ற நோட்டரி கோட் இல்லாம வந்தா சந்தேகப்பட வேண்டாம். முழு கோர்ட் உடையில வந்தா அதுக்காக நம்பிடவும் வேண்டாம்.

2. அப்போ எப்படி வந்தா சரி?

இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட் அல்லது வேட்டி. பெண் நோட்டரின்னா எளிமையான சேலை அல்லது சுடிதார். வாசல்ல சுலபமா கழட்டி விடற செருப்பு. இது போதும். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு வரும்போது இது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

உடையை விட அவர் பையைப் பாருங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் குற்றாலத்துல சாரல் சீசன். அந்த நேரத்துல நனையாத உறைக்குள்ள ரெஜிஸ்டர், சீல், இங்க் பேட், நோட்டரி ஸ்டாம்ப் எல்லாம் வச்சுக்கிட்டு வர்றவர் தொழில் தெரிஞ்சவர். "ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் எழுதிக்கிறேன்"னு சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

3. உண்மையான அடையாளங்கள்

- சீல்: வட்ட வடிவம், 5 செ.மீ. விட்டம். அவர் பெயர், பணி செய்யும் பகுதி, பதிவு எண், நியமித்த அரசின் பெயர், 'நோட்டரி' என்ற சொல் எல்லாம் அதுல இருக்கணும்.
- சான்றிதழ்: 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். காலாவதி தேதியைக் கேளுங்க. கேட்கறது தப்பே இல்லை.
- பகுதி: செங்கோட்டை, புளியரை தாண்டினா கேரளா. தமிழ்நாடு அரசு நியமிச்ச நோட்டரி, சான்றிதழ்ல இருக்கற பகுதிக்குள்ளதான் இந்த வேலையைச் செய்யலாம். ஆரியங்காவுக்குப் போய் சீல் போட முடியாது. மத்திய அரசு நியமிக்கிறவங்களுக்கு இந்தியா முழுக்கவோ ஒரு பகுதியோ கொடுக்கப்பட்டிருக்கலாம்.
- ரெஜிஸ்டர்: ஆவணத்துல மட்டும் இல்ல, அவரோட ரெஜிஸ்டர்லயும் உங்க அப்பா கையெழுத்து விழணும். அந்த வரிசை எண்ணை ஆவணத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.
- ரசீது: கட்டணப் பட்டியலை ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி வைக்கணும், வாங்கின பணத்துக்கு ரசீது தரணும். இது விதி. வெளியே வந்து செய்யறதுக்குப் பயணப்படி வாங்கவும் விதியில இடம் இருக்கு. அதனால மொத்தம் எவ்வளவுன்னு போன்லயே பேசிடுங்க.

4. பெரிய பணம் போகற இடம்: பவர் பத்திரம்

ஒரு உதாரணம். அப்பா பெயர்ல தாம்பரத்துல ஒரு பிளாட் இருக்கு. விக்கறதுக்கு உங்களுக்குப் பவர் கொடுக்கணும். "நோட்டரி பவர் போதும், நான் வீட்டுலயே முடிச்சுத் தர்றேன்"னு ஒருத்தர் சொல்றார். அதை நம்பி நீங்க அட்வான்ஸ் வாங்கிடறீங்க. பதிவு நாள்ல பத்திர ஆபீஸ்ல அந்தப் பவரைத் திருப்பிக் கொடுத்துடறாங்க. வாங்கறவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கறார்.

ஏன் திருப்பினாங்க? பவர் ஏஜென்ட் பத்திரத்தைத் தாக்கல் பண்ணணும்னா, இந்தியாவுல இருக்கறவர் கொடுக்கற பவரை அவர் குடியிருக்கற பகுதியோட சார் பதிவாளர் முன்னாடிதான் எழுதிச் சான்று வாங்கணும். பதிவுச் சட்டம், 1908-ன் பிரிவு 33 சொல்றது இது. பிளாட் தாம்பரத்துல இருந்தாலும் அப்பா தென்காசியில இருந்தா, போக வேண்டியது தென்காசி பகுதி சார் பதிவாளர்கிட்ட. நோட்டரி முன்னாடி எழுதின பவர் செல்றது வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குத்தான்.

"அப்பாவால நடக்க முடியாதே?" அதுக்கும் அதே பிரிவுல வழி இருக்கு. உடல்நிலை காரணமா வர முடியாதவங்களோட வீட்டுக்கு சார் பதிவாளரே வரலாம், இல்லைன்னா விசாரிக்க ஒருத்தரை அனுப்பலாம். டாக்டர் சான்றோட முன்கூட்டியே போய்க் கேளுங்க.

5. இன்னைக்கே செய்ய வேண்டியது

ஊருக்கு போன் பண்ணி அப்பா, அம்மாகிட்ட மூணே விஷயம் சொல்லுங்க:

1. யார் எந்த உடையில வந்தாலும், படிச்சுப் பார்க்காம கையெழுத்து வேண்டாம். வெற்றுத் தாள்ல வேண்டவே வேண்டாம்.
2. கையெழுத்துக்கு முன்னாடி ஆவணத்தை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பணும்.
3. "அவசரம், அப்புறம் படிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா, "பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்", "பொண்ணுகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்"னு சொல்லிடணும்.

கோட் போட்டவரைக் கேள்வி கேட்கறது மரியாதைக் குறைவுன்னு நம்ம பெரியவங்க நினைப்பாங்க. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது நம்ம வேலை. ஒழுங்கா தொழில் பண்ற நோட்டரி, நீங்க கேட்கறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டரைத் திறந்து காட்டுவார்.

அடுத்த வீடியோவுல, எந்தெந்த ஆவணத்துக்கு நோட்டரி போதும், எதுக்குப் பதிவு கட்டாயம்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.