கேமரன் குளிருக்கு எந்தப் பஞ்சு?

கேள்வி: மகளுக்குக் கேமரன் மலையில் வேலை. பழைய சேலைகளை ஒட்டுப்போட்டுப் பஞ்சுப் போர்வை தைக்கிறேன். வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறது, போடலாமா?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: இலவம்பஞ்சு தலையணைக்கே இருக்கட்டும். சூடு தரும்தான், ஆனால் இழை வழுவழுப்பு, ஒன்றையொன்று பிடிக்காது. நாலு நாளில் மூலைக்கு ஓடிவிடும். துவைத்தால் கட்டி தட்டும்.

பஞ்சுக்குள் அடைபடும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அங்கே இரவில் 15 டிகிரி வரை இறங்கும். கையால் அமுக்கி விட்டதும் புசுபுசுவென்று எழும்புகிற பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை வாங்குங்கள். மலை ஈரத்திலும் சீக்கிரம் காயும். தட்டையான பருத்தி விரிப்பு கோல சிலாங்கூர் வெக்கைக்குத்தான் சரி. கம்பளி விரிப்பு இன்னும் கதகதப்பு, விலையும் அப்படித்தான்!

தையல் வரிசைக்கு இடையே நான்கு விரல் விடுங்கள். நெருக்கித் தைத்தால் விரிப்பு நசுங்கும். ஜரிகைக் கரையை மட்டும் வெட்டிவிடுங்கள், கன்னத்தில் உரசும்.