சர்க்கரை வியாதிக்காரரின் நோன்பும் இஃப்தார் தட்டும்

ரமழான் பிறை தென்படுவதற்கு முன்பே நம் வீடுகளில் உளுந்தும் பச்சைப் பயறும் வந்திறங்கி விடுகின்றன. ஆனால் வீட்டிலுள்ள சர்க்கரை வியாதிக்காரர் எதை உண்பார், எவ்வளவு உண்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் இல்லை. இதை ஷஃபான் மாதத்திலேயே கேட்டுக் கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மூதாட்டி பள்ளிவாசல் வாசலுக்கு ஓடி வந்தார். "ஹஜ்ரத், அவருக்குக் கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. நோன்பைத் திறக்கச் சொன்னா கேட்க மாட்டேங்கிறாரு" என்றார். "இன்னும் அரை மணி நேரம்தானே உம்மா, பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று நான் சொல்லி விட்டேன். பாங்கு சொல்லும் முன்பே அந்தப் பெரியவர் நினைவிழந்தார். மருத்துவமனையில் அல்லாஹ் அவர் உயிரைக் காப்பாற்றினான்.

தலையில் காயம்பட்ட ஒரு தோழரைக் கட்டாயம் குளிக்க வேண்டும் என்று சொல்லி, அவர் இறந்து போகக் காரணமானவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவன்தான் நான்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சட்டம் தெளிவானது. நோயாளிக்குரிய சலுகை அல்பகரா 184, 185 வசனங்களில் வந்துள்ளது. இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேல் ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்து விட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மக்ரிபுக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசி உணவு செல்லும் துவாரத்தின் வழியாகச் செல்வதில்லை. ஆகவே அதுவும் நோன்பை முறிக்காது என்பது இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு.

இனி இஃப்தார் தட்டுக்கு வருவோம். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பது சுன்னத்து. அது கிடைக்காதபோது நபி (ஸல்) அவர்கள் சில மிடறு தண்ணீரால் திறந்திருக்கிறார்கள். பெரிய மத்ஜூல் பழம் ஒன்றில் சுமார் 16 கிராம் இனிப்பு உள்ளது. அது ஏறத்தாழ நான்கு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். இவர்களுக்கு அதில் ஒன்று போதும். சிறிய பழமானால் இரண்டு. கையில் எடுத்ததை எண்ணாமல் வாயில் போடுவதுதான் தவறு.

நோன்புக் கஞ்சியை விலக்க வேண்டியதில்லை. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அரிசியைக் குறைத்துப் பச்சைப் பயறையும் வெந்தயத்தையும் கூட்டலாம். தேங்காய்ப் பாலைக் குறைக்கலாம். ஒரு கிண்ணம் அளவு. இரண்டாவது கிண்ணம் வேண்டாம். வடை, சமோசாவுக்குப் பதில் கொண்டைக் கடலைச் சுண்டல். ரோஜா நிறத்துச் சர்பத்து வெறும் சீனித் தண்ணீர்தான்; நீர்மோரே போதுமானது. பழத்தைச் சாறு பிழியாமல் கொய்யா ஒன்றோ பப்பாளித் துண்டு இரண்டோ மென்று தின்னலாம்.

தராவீஹ் முடிந்து வந்ததும் பசி எடுக்கும். பெருநாளைக்கென்று அவித்த வட்டலப்பத்தை ருசி பார்க்கக் கூப்பிடுவதும் அப்போதுதான்! தாய்மார்களே, ஒரு பிடி வறுத்த நிலக்கடலையோ, அவித்த முட்டை ஒன்றோ, வெள்ளரிக்காயோ எடுத்து வையுங்கள்.

ஸஹர் உணவைக் கடைசி நேரத்துக்குப் பிற்படுத்துவது சுன்னத்து. இவர்களுக்கு அது மருந்தும் கூட. ஸஹரை விட்டு விட்டு, மாத்திரையை மட்டும் விழுங்கி நோன்பு வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பகலில் சர்க்கரை இறங்குவதற்கு இதைவிட நேரான வழி இல்லை. பால் சோற்றில் வாழைப்பழமும் சீனியும் பிசைவதை விட்டு, கோதுமை ரொட்டியும் பருப்பும் காய்கறியும் முட்டையும் உண்பது நெடுநேரம் தாங்கும்.

மருத்துவர் நோன்பே கூடாது என்று சொல்லி, குணமாகும் நம்பிக்கையும் இல்லையென்றால், நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற கணக்கில் ஃபித்யா கொடுக்க வேண்டும். பின்னர் வைக்க முடியும் என்றிருப்பவர் களாச் செய்வார்.

அந்தப் பெரியவர் இப்போது ஃபித்யாதான் கொடுக்கிறார். முதல் வருடம் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தார். நான் போய் அழைத்து வந்தேன். இன்று அஸருக்குப் பின் பாத்திரங்களுடன் வரும் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது அவர்தான். சுண்டல் சட்டியைத் தனியாக வைக்கச் சொன்னவரும் அவரே.