மேய்ச்சற்புல்லும் மழை, மண், மரங்களும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஆண்டொன்றுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சொற்பமன்று. கொங்கு நாட்டில் காங்கயம் மாடுகள் மேயும் கொறங்காடுகள் இதனினும் குறைந்த மழையைக் கொண்டே நிலைத்து வருகின்றன. அவ்வாறிருக்க, இவ்விரு ஜில்லாக்களிலும் பங்குனி பிறந்ததும் மேய்க்கால்கள் வெறுந்தரையாவதும், தீனியின்றிக் குடியானவர்கள் மாடுகளை வந்த விலைக்கு விற்பதும் ஏன் என்பது ஆராயத்தக்கது.

மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. தைக்குப் பின் சித்திரை வரையில் பெரும்பாலும் வறட்சியே. ஆகையால், பெய்த நீரை மண் எவ்வாறு வாங்கி எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே புல்லின் ஆயுள் அமைகிறது.

பச்சைமலை அடிவாரத்துச் செம்மண் சிறுதூறலையும் உள்வாங்கும். ஆடி மழைக்கே புல் தழைக்கும், மழை நின்றால் விரைவில் வாடும். கரிசலில் சிறுதூறல் மேற்பரப்பை நனைத்து ஆவியாய்ப் போய்விடும். பெருமழை இறங்கிய பின்னரோ, செம்மண் காய்ந்த பிறகும் அங்குப் பசுமை நிற்கும். எனவே முதலில் செம்மண்ணிலும், மழை ஓய்ந்து தரை இறுகியபின் கரிசலிலும் மேய்ப்பதே முறை. ஈரக்கரிசலில் மந்தையை விடுவது பெருந்தவறு. குளம்புகள் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டால் அடுத்த மழை உள்ளிறங்காது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப்பாறை மேலே தட்டுப்படும் இடங்களில் மண்ணாழம் குறைவாதலால் அதிகம் எதிர்பார்த்தற்கில்லை.

மரநிழல் புல்லுக்குப் பகையென்று பலர் கருதுவர். முற்றும் சரியன்று. கொறங்காடுகளில் கிளுவை வேலியும், இடையிடையே வெள்வேல் மரங்களும், கீழே கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்தே வாழ்கின்றன. வெள்வேலின் சிற்றிலை வெயிலை மட்டுப்படுத்துமேயன்றித் தடுப்பதில்லை. உதிரும் இலை மண்ணை வளமாக்கும். காய் கோடையில் தீனியாகும். நண்பகலில் நிழலுக்குள் வெயிற்புள்ளிகள் தெரிந்தால் அங்குப் புல் வளரும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டங்களில் அடர்ந்த முந்திரியின் கீழ் அது தெரிவதில்லை.

சீமைக்கருவேலின் கதை வேறு. விறகுக்கென அமெரிக்கக் கண்டத்திலிருந்து தருவித்து 1877-ஆம் ஆண்டில் கடப்பைப் பக்கம் விதைக்கப்பெற்ற இம்மரம், இன்று மேய்க்கால் புறம்போக்குகளில் புதராய் மூடிக் கிடக்கிறது. ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். கட்டை கரிமூட்டத்துக்குப் போயிற்று, வேலை முடிந்தது என்றிருக்கும் ஊரார் மறுவருஷம் இருமடங்கு முள்ளைக் காண்பர். ஆதலால் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியினரும் ஏலம் விடும்போதே வேருடன் அகற்ற நிபந்தனை விதிப்பது அவசியம்.

அகற்றிய நிலத்தை வெறுமையாய் விடலாகாது. செம்மண்ணாயின் புரட்டாசியில் மேலாக உழுது, ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை ஈரமணலுடன் கலந்து தூவி, முட்கிளையால் இழுத்து மூடவேண்டும். ஆழப் புதைந்த விதை முளைக்காது. புதிதாய்ப் பறித்த விதையும் சரிவர முளைக்காது. ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்ததே நன்று. முதலாண்டு புல் பூத்து விதை உதிரும் வரையில் கால்நடைகளை உள்ளே விடாமல் காக்கவேண்டும். பின்னர், கொறங்காட்டுக்காரர் செய்வதுபோல நிலத்தைப் பல பட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றுக்கு ஓய்வளித்து வரலாம்.